சவப்பெட்டியோடு மட்டும் கிளம்பிய கார்

கோரல் மாகின்ஸ் தன் காரில்தான் வந்தாள். கார்தான் தானாக வரவில்லை. கான்ஸ்டபிள் பெட்டரிக்கின் ஜீப் முன்னால் இழுக்க, கயிற்றின் மறுமுனையில் பின்பக்கம் நீண்ட அந்த வெள்ளை ஸ்டேஷன் வேகன் ஆடி ஆடி ஊருக்குள் நுழைந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கோரல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரான பெனட்ஸ் வெல்லில் இருப்பது ஒரே தெரு. மதுக்கடை வாசலில் நின்ற நாலு பேரும் வண்டியைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு தலையசைப்புகூடக் கிடையாது. எங்கள் ஊரைப் பற்றி நானே இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காரைப் பார்த்தாலே நானும் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். மூன்று வாரத்துக்கு முன்னால் லெஸ் மாகின்ஸின் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு இதே தெருவில்தான் அது போனது. மழையில் சாலை மூடிக்கிடந்ததால் போர்ட் அகஸ்டா நகரத்திலிருந்து அமரர் ஊர்தி வர முடியவில்லை. லெஸின் சொந்த வேகனிலேயே அவனை ஏற்றினார்கள். நாற்பது பேர் பார்க்க, ஒரே திருப்பில் கிளம்பியது. கல்லறைத் தோட்ட வாசலில் நிறுத்தி, பெட்டியை இறக்கிப் புதைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், எடுக்கவில்லை. அதற்குப் பிறகு யார் திருப்பியும் எடுக்கவில்லை.

பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்துக் கொட்டகைதான் நோரீன் டில்ப்ரூக்கின் ஒர்க்‌ஷாப். வண்டிகளின் மின்சார வேலையெல்லாம் அவள்தான் பார்ப்பாள். வயது அறுபது. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வண்டியைத் திறப்பதற்கு முன்னால் வண்டிக்காரரைத் திறந்து பார்ப்பாள் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். பங்க்கில் வேலை பார்க்கும் நானும் ஜீப்புக்குப் பின்னாலேயே அங்கே போய் நின்றேன்.

"நோரீன், இது ரிப்பேர் வேலை இல்லை. போலீஸ் வேலைன்னு வச்சுக்க" என்றான் பெட்டரிக்.

"அப்ப எதுக்கு என்கிட்ட வந்தே? நான் என்ன துப்பாக்கியா வச்சிருக்கேன்?"

கொட்டகைக்குள்ளிருந்து கெவ் ஸ்டப்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். பழுதான வண்டிகளை இழுத்து வரும் லாரி அவனுடையது. ஐம்பது வயதாகியும் எதிலும் முதல் ஆளாக மூக்கை நுழைக்கும் ஆர்வம் போகவில்லை. வேகனைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்றுவிட்டான்.

"ஐயய்யோ, இதையா! நான் இதுல கை வைக்க மாட்டேன்பா. ஏற்கெனவே வச்சாச்சு. பெட்ரோல் பம்ப்பை மாத்தினேன், ரிலேவை மாத்தினேன், பிளக் ஆறையும் மாத்தினேன், டாங்க்கைக்கூடப் புது பெட்ரோலால ரொப்பினேன். ஊஹூம். இருபத்து நாலு வருஷப் பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி, வயசாயிடுச்சுன்னு சொல்லலாம். ஆனா லெஸ் ஏறினா மட்டும் ஓடும், இறங்கினா நிக்கும்னா அதுக்கு நான் எந்த ஸ்பேர் பார்ட்டைத் தேடறது?"

"வாயை மூடு, கெவ்" என்ற நோரீன், கோரலுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கோரல் கைத்தடியை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். முழங்காலில் ஆபரேஷன் செய்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

விஷயத்தைப் பெட்டரிக் சொன்னான். லெஸின் தம்பி கிளைவ், மரண விசாரணை நீதிபதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். அண்ணன் விழுந்து கிடந்த அன்றைக்குக் கார் எடுக்கவில்லை என்று கோரல் சொன்னது பொய். கார் நன்றாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே அவனைச் சாக விட்டாள் என்பது புகார். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டரிக் அறிக்கை அனுப்ப வேண்டும்.

"அன்னைக்குக் கார் எடுக்காம இருந்திருக்க முடியுமா, முடியாதா? இது ஒண்ணுதான் எனக்கு வேணும். முடியாதுன்னா இவங்க மேல வழக்கு வரும். அதை நான் விரும்பலை. ஆனா நான் விரும்பறதை எழுத முடியாதே" என்றான். நல்ல பையன்தான், பாவம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு பெரிய விஷயம் அவன் மேஜைக்கு வந்ததில்லை.

"நீ சொல்லு, கோரல். முதல்ல இருந்து" என்றாள் நோரீன்.

கோரல் யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"காலையில ஏழு மணி. தண்ணி இறைக்கற காத்தாலையோட பல் சக்கரம் தேஞ்சுபோச்சுன்னு லெஸ் பைக்கை எடுத்துட்டுப் போனாரு. வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர். சமையலறை ஜன்னல்ல இருந்தே தெரியும். மேல ஏறினாரு. திரும்பிப் பாத்தா மேல ஆளைக் காணோம். நான் காருக்கு ஓடினேன். ஓடினேன்னு சொல்றேன், இந்தக் காலை வச்சுக்கிட்டு. சாவி எப்பவும் போல வண்டியிலேயே இருந்தது. திருப்பினேன். இன்ஜின் சுத்துது, சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், தெரியலை. பாட்டரி சாகற வரைக்கும் போட்டேன். அப்புறம் வயர்லெஸ் ரேடியோவுல கிளைவைக் கூப்பிட்டேன். தடியை ஊனிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சேன். பாதி தூரம்கூடப் போகலை, கிளைவோட பிக்கப் என்னைத் தாண்டிப் போச்சு. அவன் போறதுக்குள்ள..." கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஊரே நினைக்கறதை நானும் ராத்திரியில நினைச்சுப் பாக்கறேன், நோரீன். நான் சரியாத்தான் திருப்பினேனா? மனசுக்குள்ள எங்கேயாவது அவரு சாகட்டும்னு இருந்து, கைதான் ஏமாத்திடுச்சா?"

அவளைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது. நோரீன் மட்டும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாரும் பேச்சை நிறுத்துங்க. வண்டி என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

வேகனுக்குள் குனிந்து சாவியைப் பாதி மட்டும் திருப்பினாள். டாஷ்போர்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. வேறெதுவும் இல்லை. பிறகு, அந்த நிசப்தத்தில், டாஷ்போர்டுக்குள் ஆழத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். மறுபடி டிக். யாரோ கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது போல இருந்தது. முப்பது தடவை கேட்டது, நின்றுவிட்டது.

கெவ் பின்வாங்கியதில் எண்ணெய் டப்பா ஒன்று உருண்டது. "இதுதான்! இதைக் கேட்டுத்தான் நான் போட்டது போட்டபடி ஓடி வந்தேன்!"

கோரலின் முகம் வெளுத்திருந்தது. "அது லெஸோட விரல். நான் ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து டாஷ்போர்டுல நகத்தால தட்டிட்டே வருவாரு. மெதுவா ஓட்டறேன்னு அர்த்தம்."

"அவன் செத்த பிறகுதான் இந்தச் சத்தம் வருதா?" என்று கேட்டாள் நோரீன்.

"இல்லை. முன்னாடியும், நான் தனியா எடுக்கப் பாத்தா வரும். அப்ப பயமா இல்லை. அவரு உயிரோட இருந்தாரு."

நோரீன் நிமிர்ந்து பார்த்தாள். "தனியா எடுக்கப் பாத்தா?"

"எனக்குத் தனியா அது எடுத்ததே இல்லை. அவரு பக்கத்துல இருந்தா எடுக்கும். ஜன்னல் கிட்ட நின்னாலே போதும். 'இது முதலாளிக்கு மட்டும் வால் ஆட்டற நாய்'னு சொல்லிச் சிரிப்பாரு. ஆறு வருஷமா இதே கூத்து."

"ஆறு வருஷம்னு எப்படி அவ்வளவு கரெக்டா ஞாபகம்?"

கோரல் கான்ஸ்டபிளை ஒரு முறை பார்த்தாள். "ஆறு வருஷம் முன்னாடி ஒருநாள் நான் பாட்டுக்கு அந்தக் காரை எடுத்துட்டுப் போர்ட் அகஸ்டாவுக்குப் போயிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. பதினெட்டு நாள் இருந்தேன். அவரே வந்து கூட்டிட்டு வந்தாரு. திட்டவே இல்லை. அடுத்த மாசம் காரை அடிலெய்டுக்கு சர்வீஸுக்குக் கொண்டுபோனாரு. அதுக்கப்புறம்தான் இப்படி."

நோரீன் பானெட்டைத் தூக்கினாள். கெவ்விடம் பழைய பிளக் ஒன்றைக் கொடுத்து ஒயரில் மாட்டிப் பிடிக்கச் சொன்னாள். சாவியை முழுதாகத் திருப்பினாள். இன்ஜின் மூச்சிரைக்கச் சுழன்றது. பிளக்கின் முனையில் ஒரு பொறிகூட இல்லை. பிறகு ஒரு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டியரிங்கின் அடியில் மல்லாந்து படுத்துக் கால் மணி நேரம் கிடந்தாள். வெளியே வந்தபோது முழங்கையில் தூசி. முகத்தில் மட்டும் எதுவும் தெரியவில்லை.

"என்ன கண்டுபிடிச்சே?" கெவ்வால் பொறுக்க முடியவில்லை. "கம்ப்யூட்டர் போச்சா? எறும்பா? போன வருஷம் பாதிரியார் வண்டியில ரிலேக்குள்ள எறும்பு செத்துக் கிடந்துதே!"

"எறும்பு இல்லை. பெட்டரிக், லெஸ் மேல இருந்த சாமானுக்கு ஒரு பட்டியல் எழுதியிருப்பியே. படி."

பெட்டரிக் குறிப்பேட்டைப் புரட்டினான். "பேனாக் கத்தி ஒண்ணு. கைக்குட்டை. பல் சக்கரம் கழட்டற ஸ்பானர். கைக்கடிகாரம், சாவி கொடுக்கற பழைய மாடல், ஓடிட்டிருந்தது. பட்டன் பாட்டரி ஒரு அட்டை, பிரிக்காதது. அவ்வளவுதான்."

"சாவி கொடுக்கற கடிகாரத்துக்கு எதுக்குப் பாட்டரி? காது கேக்க மெஷின் ஏதாவது வச்சிருந்தானா?"

"லெஸ்ஸா? அடுத்த பண்ணையில ஆடு தும்மினாக்கூடக் கேக்கும் அவனுக்கு" என்றான் கெவ்.

அதே நேரம் வாசலில் புழுதி கிளம்பியது. கிளைவ் மாகின்ஸின் பிக்கப் வந்து நின்றது. எங்கள் ஊரில் செய்தி காற்றைவிட வேகமாகப் போகும். அண்ணனைப் போலவே நெடிய உருவம், சிவந்த கழுத்து. கோரலைப் பார்க்காமல் நேரே நோரீனிடம் வந்தான்.

"இந்தக் காருக்கு இப்ப வந்த வியாதியைப் பத்தி எனக்கு அக்கறை இல்லை. எங்க அண்ணனைப் புதைச்ச அன்னைக்குக் காலையில நான்தான் பண்ணைக்குப் போனேன். புது பாட்டரி மாட்டினேன். அவன் தொப்பியைப் பக்கத்து சீட்டுல வச்சேன், அவனே கூட வர்ற மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு! இவ வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தா. கேளு, இவளையே கேளு!"

"பாத்தேன்" என்றாள் கோரல். "எனக்கே தலை சுத்திச்சு."

"கத்தாதே, கிளைவ்" என்றாள் நோரீன். "உன் துக்கம் எனக்குத் தெரியுது. ரெண்டு கேள்வி கேக்கறேன், பதில் மட்டும் சொல்லு. அந்தத் தொப்பி உனக்கு எப்படிக் கிடைச்சுது? கான்ஸ்டபிளோட பட்டியல்ல அது இல்லையே."

கிளைவின் குரல் இறங்கியது. "நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன். அவன் இடுப்பு ஒடிஞ்சு கிடந்தான். தொப்பி தலையில இல்லை. பதினஞ்சு அடி தள்ளி, வீட்டுப் பக்கமா கிடந்தது. காத்துல உருண்டிருக்கும். எடுத்துத் தூசி தட்டினேன். அடக்கத்தன்னைக்குப் பெட்டி மேல அதைத்தான் வச்சோம். குழிக்குள்ளயும் பெட்டி மேலயே போச்சு. அவன் தொப்பி இல்லாம வெளியில வந்ததே இல்லை."

"ரெண்டாவது கேள்வி. குழி எவ்வளவு ஆழம்?"

"இது என்ன கேள்வி! கீழே சுண்ணாம்புப் பாறை. மெஷினை வச்சு நோண்டியும் நாலடிக்கு மேல போகலை."

நோரீன் கோரலிடம் திரும்பினாள். "அந்தத் தொப்பியை நீ எப்பவாவது தைச்சிருக்கியா?"

"உள்பட்டை பிஞ்சு தொங்கிட்டிருந்தது. தைச்சுத் தர்றேன்னு வாங்கப் போனேன். கையைத் தட்டி விட்டாரு. அவரே உக்காந்து தைச்சுக்கிட்டாரு. ஊசி பிடிக்கத் தெரியாத மனுஷன். எனக்குச் சிரிப்பா வந்தது."

நோரீன் கைகளைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள். "கெவ், லாரியை எடு. வேகனை இழுத்துட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகணும். எல்லாரும் வாங்க."

"அங்கேயா? இதையா? லெஸ்கிட்டயேவா?" கெவ்வின் குரல் கீச்சென்று போயிற்று. ஆனாலும் லாரிக்கு முதலில் ஓடியவன் அவன்தான்.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. மரம் கிடையாது. நடுப்பகல் வெயிலில் கற்கள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. வாசலுக்கு வந்ததும் நோரீன் கையைக் காட்டினாள். லாரி நின்றது. அடக்கத்தன்று வேகன் நின்ற அதே இடம்.

"கோரல், திருப்பு. பாதி மட்டும்."

கோரல் திருப்பினாள். டிக். டிக். டிக். எல்லோரும் முப்பதையும் எண்ணினோம். நின்றது. முழுதாகத் திருப்பினாள். இன்ஜின் சும்மா சுழன்றது.

"இப்ப உள்ளே இழு, கெவ். லெஸ் கிட்ட போகட்டும்."

கிளைவ் வழியை மறித்தான். "எங்க அண்ணன் தலைமாட்டுல காரை நிறுத்தப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?"

"உன் அண்ணன் எப்படிச் செத்தான்னு உனக்குத் தெரியணுமா, வேண்டாமா?"

கிளைவ் விலகினான். லாரி ஊர்ந்தது. புது மண் மேட்டுக்கு ஓரடி இடம் விட்டு வேகனின் பக்கவாட்டுக் கதவு வந்து நின்றது. கெவ் லாரியிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாக மட்டும் எட்டிப் பார்த்தான்.

"திருப்பு" என்றாள் நோரீன்.

டிக்.

அடுத்த டிக் வரவில்லை. அதற்குப் பதிலாக வண்டியின் பின்பக்கம், பெட்ரோல் டாங்க்குக்குள்ளிருந்து, மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து இரண்டு விநாடியில் அடங்கியது. அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு விநாடியில் பெட்டரிக்கின் கை தானாகவே தன் போலீஸ் தொப்பியைக் கழற்றிவிட்டது. கோரல் உதட்டைக் கடித்துக்கொண்டு முழுதாகத் திருப்பினாள்.

ஒரே திருப்பு. இன்ஜின் எடுத்துவிட்டது.

லாரிக்குள்ளிருந்து கெவ், "ஆண்டவா, ஆண்டவா" என்று முனகுவது கேட்டது. கிளைவ் மண் மேட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். பேயறைந்த முகம் என்பார்களே, அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை" என்றாள் நோரீன். "கெவ், கீழே இறங்கு, உனக்கும்தான் சொல்றேன். ஒர்க்‌ஷாப்புல சாவியைப் பாதி திருப்பினப்ப என்ன கேட்டுது?"

"அந்த டிக் டிக்."

"என்ன கேக்கலை?"

கெவ் யோசித்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான். "பம்ப்! இன்ஜெக்‌ஷன் வண்டியில சாவியைத் திருப்பினதும் பம்ப் ரெண்டு செகண்டு பாடணும்! இப்ப பாடிச்சே, அது!"

"அங்கே பம்ப்பும் இல்லை, பொறியும் இல்லை. பம்ப் மட்டும் கெட்டா பொறி இருக்கும். பொறி தர்ற பக்கம் கெட்டா பம்ப் பாடும். ரெண்டுக்கும் மூளையான கம்ப்யூட்டர் செத்திருந்தா டாஷ்போர்டுல அதோட விளக்கு எரியாது. விளக்கு எரிஞ்சுது. அப்ப ரெண்டும் ஒரே நேரத்துல தானா கெடலை. ரெண்டையும் யாரோ வாயைப் பொத்தி வச்சிருக்காங்க. டாஷ்போர்டுக்குப் பின்னால ஒரு கறுப்புப் பெட்டி இருக்கு. கம்பெனி வச்சதில்லை, அப்புறமா வச்சது. திருட்டைத் தடுக்கற பெட்டி. சாவியைத் திருப்பினதும் அது டிக் டிக்குனு தன் ஜோடியைத் தேடும். ஜோடி ஒரு சின்ன வில்லை, சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிசு. ரெண்டு மூணு கஜத்துக்குள்ள இருந்தா பம்ப்பையும் பொறியையும் விடும். இல்லைன்னா விடாது. அந்த வில்லைக்கு பட்டன் பாட்டரி வேணும்."

"தொப்பி" என்றான் பெட்டரிக் மெதுவாக.

"தொப்பியோட உள்பட்டையில. லெஸ் தலையில இருந்த வரைக்கும் கார் அவன் கிட்ட இருந்தா எடுத்துது. அடக்கத்தன்னைக்குக் கிளைவ் அதைப் பக்கத்து சீட்டுல வச்சான், எடுத்துது. சவப்பெட்டி மேல வச்சீங்க, எடுத்துது. சவப்பெட்டியோட மண்ணுக்குள்ள போச்சு, நின்னுபோச்சு. இப்ப அது இந்தக் கதவுல இருந்து ஏழெட்டு அடிதான். காஞ்ச மண்ணு, பெருசா மறைக்கலை."

"அப்ப இவ்வளவு நாள் யாருக்குமே தெரியாம எப்படி?" என்றான் கெவ்.

"நம்ம ஊர்ல யாரு காரை விட்டுச் சாவியை எடுக்கறா? உன் லாரிச் சாவி எங்கே இருக்கு இப்ப? லாரியிலேயே. எல்லார் சாவியும் அப்படித்தான். அந்தக் காரோட சாவி ஆறு வருஷமா ஊரறிய அதுலயே தொங்கினதால, அதுக்கு இன்னொரு சாவி இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணலை. வேற ஊரா இருந்தா முதல் நாளே கேட்டிருப்பாங்க."

கிளைவ் தொண்டையைக் கனைத்தான். "திருடனுக்குப் பயந்து வச்சிருப்பான். அதுல என்ன தப்பு?"

"இந்தப் பெட்டியை வாங்கினா ரெண்டு வில்லை தருவாங்க, கிளைவ். திருடனுக்குப் பயந்தவன் ரெண்டாவதைப் பொண்டாட்டி கையில கொடுப்பான். இவன் இப்படி ஒண்ணு இருக்குன்னே சொல்லலை. இவ பதினெட்டு நாள் போயிட்டு வந்த அடுத்த மாசம் வச்சிருக்கான். திருடனுக்காக வச்ச பூட்டு இல்லை இது."

இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கோரல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். அவள் அழுவாள் என்று பெட்டரிக் எதிர்பார்த்தான், அவள் அழவில்லை.

"ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அவன் தலையில வில்லை. இங்கே நீ சாவியைத் திருப்பறே. ஜென்மத்துக்கும் எடுத்திருக்காது" என்றாள் நோரீன். "உன் கை ஏமாத்தலை, கோரல். நீ சரியாத்தான் திருப்பினே. பெட்டரிக், இதை அப்படியே எழுது. பெட்டியை நான் கழட்டித் தர்றேன், அதையும் சேத்து அனுப்பு."

கிளைவ் மண் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். யாரையும் பார்க்காமல் கேட்டான். "அவன் உடனே சாகலைன்னு டாக்டர் சொன்னார். ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும்னார். ஸ்டார்ட்டர் சத்தம்... அவனுக்குக் கேட்டிருக்குமா?"

நோரீன் பதில் சொல்லத் தயங்கினாள். அவள் தயங்கி அன்றுதான் பார்த்தேன். "காத்தாலை மேல எந்த நாள்ல ஏறுவோம், கிளைவ்?"

"காத்தில்லாத நாள்ல. இல்லைன்னா சக்கரம் ஆளை அடிச்சிடும்."

"அன்னைக்கு ஒரு பொட்டுக் காத்து இல்லை. அதனாலதான் அவன் ஏறினான். அப்ப தொப்பி எப்படி உருண்டுது?"

கிளைவ் தலையை நிமிர்த்தினான். அவன் முகம் மாறியதை எழுத என்னால் முடியாது.

"அவன் எறிஞ்சிருக்கான்" என்றாள் நோரீன். "வீட்டுப் பக்கமா. எட்டாதுன்னு தெரியாமலா? தெரியும். வேற செய்யறதுக்கு அவன் கையில ஒண்ணும் இல்லை."

"கேட்டிருப்பான்" என்றாள் கோரல் காருக்குள்ளிருந்து. குரல் தெளிவாக இருந்தது. "பத்து நிமிஷம் போட்டேன். காத்தே இல்லாத காலை. நல்லாக் கேட்டிருப்பான்."

கிளைவ் எழுந்து வந்து ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கோரல், நான் அந்தக் கடிதத்தை..." அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

"அணைச்சிடாதே" என்றாள் நோரீன். "அணைச்சா மறுபடி இங்கே வந்து நின்னாத்தான் எடுக்கும். அப்படியே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டு வா. கழட்ட அரை மணி நேரம்."

"ஓடிட்டிருக்கும்போது அது யாரையாவது கேக்குமா?"

"கேக்காது. ஒருதடவை எடுத்துட்டா பெட்ரோல் இருக்கற வரைக்கும் ஓடும்."

கோரல் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள். "டாங்க் ரொம்பியிருக்கு. இந்தப் பெட்டியைக் கழட்ட போர்ட் அகஸ்டாவுல ஆள் இருப்பாங்களா?"

"நிறைய பேர் இருக்காங்க" என்றாள் நோரீன். "என்ன ஏதுன்னு நான் போன்ல சொல்லிடறேன். கழட்டின பெட்டியைப் பெட்டரிக்குக்கு அவங்களே அனுப்பி வைக்கட்டும்."

"துணிமணிகூட எடுக்கலையே, கோரல்!" என்றான் கெவ். அவன் கேட்டுக்கொண்டே கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கடையில கிடைக்கும்" என்றாள்.

வாசலில் கிளைவின் பிக்கப் குறுக்கே நின்றது. அவன் அதைப் பார்த்தான், கோரலைப் பார்த்தான், பிறகு ஓடினான். அவ்வளவு பெரிய ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பிக்கப்பைப் பின்னால் எடுத்து, கல்லறைத் தோட்டத்துக் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வேகன் அவனைத் தாண்டிப் போனது. சாலையைத் தொட்டதும் அதன் இடப்பக்க விளக்கு மினுக்கியது. அவள் வீடு வலப்பக்கம் இருக்கிறது.